கடைசி ஆளின் கடிகாரம்

பூமிநாதன் இறந்து, எரித்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள் விடியலில், அவருடைய கடிகாரம் நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே ஒரு சாலையோரப் பள்ளத்திலிருந்து ஏறி, பழனியைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. செல்போன் திரையில் அந்தப் பச்சைப் புள்ளி நகர்வதை முதலில் பார்த்தவள் அவர் மனைவி தனக்கோடி. அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கிவைத்துவிட்டு, வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த மகள் செவ்வந்தியிடம், "வெயிலுக்கு முந்திக் கெளம்பிட்டாக ஒங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கடிகாரம் வாங்கிய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்தது அத்தனைக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

செங்கரைப்பட்டியிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் எழுபது எண்பது பேர் மாலை போட்டுக் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பார்கள். முன்னால் குருசாமி வைரவன் அம்பலம் வேலைத் தாங்கிப் போவார், எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆள் வருவார். கடைசி ஆள் என்பது ஒரு பொறுப்பு. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கொப்புளம் வெடித்து நொண்டுகிறவர், என்னால் முடியாது என்று மைல்கல்லில் உட்கார்ந்து அழுகிறவர், வீட்டை நினைத்துத் திரும்பிப் போகப் பார்க்கிறவர் எல்லாரையும் பேச்சுக்கொடுத்தே எழுப்பி நகர்த்திக்கொண்டு வரவேண்டும். மலையடிவாரத்தில் வந்தவர் எல்லாரையும் எண்ணிப் பார்த்து, ஒருவர் பாக்கியில்லாமல் ஏறிய பிறகுதான் அவர் முதல் படியில் கால் வைக்கலாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை பார்த்த பூமிநாதனுக்குப் பொறுமை நிறைய இருந்ததால் அந்தப் பொறுப்பு பல வருடங்களாக அவருடையது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வரும் வலிப்பு நிற்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல்.

ஒரு வருடம் வேலாயுதம் என்ற பெரியவர், கடைசி ஆளையே ஏமாற்றிவிட்டு டீக்கடைப் பின்பக்கம் ஒதுங்கியவர், நத்தத்தில் தவறான சாலையைப் பிடித்து மதுரைப் பக்கம் போய், அழகர்கோயில் அடிவாரத்தில் நின்று இது ஏன் பழனி மாதிரி இல்லை என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் ஊர் கூடிப் பேசி, கடைசி ஆள் கையில் ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் கட்டுவதென்று முடிவானது. கடைசி ஆள் எங்கே என்று தெரிந்தால் எல்லாரும் அவருக்கு முன்னால்தான் என்று அர்த்தம், வீட்டில் இருக்கிற பெண்களும் போனில் பார்த்து நிம்மதியாகச் சோறு ஆக்கலாம்.

காரைக்குடியில் பஷீரின் கடைக்குப் பெரியவர்கள் நாலைந்து பேரும் பூமிநாதனும் போய், பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். பஷீர் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். முதலாவது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் தோல் வார். மாலை போட்டவன் உடம்பில் தோல் படக் கூடாது என்று வைரவன் அதைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது பாட்டுப் பாடும், ஆனால் ராத்திரிக்கு ராத்திரி சார்ஜ் போட வேண்டும்; தங்குகிற மடத்தில் இருக்கிற ஒரே பிளக்கில் எழுபது செல்போன் தொங்கும் என்று அதையும் தள்ளினார்கள். மூன்றாவது தடிமனாக, ரப்பர் வாரோடு, ஒரு அலங்காரமும் இல்லாமல் இருந்தது.

"இது வெயில்லயே சார்ஜ் ஏறிக்கிரும்" என்றார் பஷீர். "வெளிச்சம் இருக்கிற வரைக்கும் சாகாது. எங்க நடந்தாலும் போன்ல புள்ளி தெரியும். ஆளு கீழ விழுந்து எந்திரிக்கலைன்னா இதுவே கத்தி, வீட்டு நம்பருக்கெல்லாம் தகவல் சொல்லும். ஒடம்பு அலுத்துப்போச்சுன்னா, ஓய்வு தேவைன்னு அதுவே காட்டும்."

"ஓய்வா?" வைரவன் சிரித்தார். "நேந்துக்கிட்டவன ஒக்காருன்னு சொல்ல இது யாருப்பா?"

"சொல்லத்தான் செய்யும், கேக்குறதும் கேக்காததும் ஒங்க இஷ்டம்" என்றார் பஷீர், கடைக்காரரின் பணிவோடு. சாகாது என்ற ஒரு சொல் எல்லாருக்கும் பிடித்துப்போனதால் அதையே எடுத்தார்கள்.

புறப்பட்ட அன்று ஊர் எல்லைப் பிள்ளையாருக்கு முன்னால் பூமிநாதன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வாய்க்குள் ஏதோ நெடுநேரம் வேண்டிக்கொண்டே கிடந்தார். கடிகாரம் அலறியது. ஊரில் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில், பூமிநாதன் கீழே விழுந்துவிட்டார் என்று சொல்ல, பெண்கள் கரண்டியும் கையுமாக எல்லைக்கு ஓடிவந்து, அவர் நெற்றி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். குன்றக்குடியில் விழுந்தார், அலறியது. பிள்ளையார்பட்டியில் விழுந்தார், அலறியது. வழியில் இருக்கிற அத்தனை சாமிக்கும் விழுந்து கும்பிடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம், அதனால் போன இடமெல்லாம் அர்ச்சனை மந்திரத்துக்கு நடுவே கடிகாரம் கத்தியது.

"சாமி முன்னாடி விழுறதுக்கும் ரோட்டுல விழுறதுக்கும் வித்தியாசம் தெரியாத சனியன்" என்றார் வைரவன். "அந்தக் கூப்பாட்ட மட்டும் அமத்தி வைப்பா." திருப்பத்தூரில் பூமிநாதன் தன் கையாலேயே அதை அணைத்து வைத்தார்.

கோபால்பட்டி தாண்டி, வெயில் இறங்குகிற நேரத்தில், எதுவோ ஒரு வண்டி அவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. என்ன வண்டி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருக்குப் பின்னால் பார்ப்பதற்கு ஆள் கிடையாது, அவர்தானே கடைசி. கடிகாரம் வாய் கட்டப்பட்டுக் கிடந்தது. ஊரில் தனக்கோடி புள்ளி நகராமல் நிற்பதைப் பார்த்தாள். யாரையோ உட்காரவைத்துத் தேற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து மகளோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். அந்தச் சோற்றுக்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

முன்னால் போனவர்கள் திரும்பிவந்து தேடி எடுத்துப் போனபோது உயிர் இல்லை, அதை டாக்டர் வைரவனிடம் மட்டும் சொன்னார். வைரவன் ஆஸ்பத்திரி வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் அழுதது உண்மை, அதையும் சொல்ல வேண்டும். சாவு காதில் விழுந்தால் தீட்டு. எழுபது பேரும் அந்த இடத்திலேயே மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். எழுபது வேண்டுதல், அதில் ஒன்று கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளையில்லாத அவர் மருமகளுக்கானது. அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்திடம் வந்து, "ஐசியூவுல இருக்கான், பயமில்லைன்னு சொல்றாக, நம்ம நடப்போம்" என்றார். தனக்கோடிக்கும் போனில் அதையேதான் சொன்னார். காவடி பழனி போய்ச் சேர்ந்து, பாலாபிஷேகம் முடிந்து, மாலை கழற்றிய பிறகுதான் ஐசியூ பிணவறையாக மாறியது. உடம்பு ஊருக்கு வந்தபோது மணிக்கட்டில் வார் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது, கடிகாரம் இல்லை.

இப்போது அந்தக் கடிகாரம்தான் நடந்தது.

பகல் முழுக்க நடந்து, ராத்திரி வழக்கமான மடங்களில் நின்று, விடியலில் எழுந்து, ஒட்டன்சத்திரம் கடந்து, பழனி அடிவாரம் போய், முதல் படிக்கு முன்னால் நின்றது. ஊரே அன்று போனைச் சுற்றி உட்கார்ந்து, ஏறு ஏறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. புள்ளி ஏறவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் பள்ளம் வரை நடந்தது. பள்ளத்திலிருந்து மறுபடியும் பழனிக்கு.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. நடக்கிறவன் செத்தவனாக இருக்க முடியாது என்று வைரவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவன் சாகவில்லை என்றால் அந்த வருட யாத்திரையில் தீட்டு இல்லை என்பதில் எல்லாருக்கும் நிம்மதி இருந்தது. அந்த வாரமே பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு வந்து, காரியத்தின்போது தாங்களே அழித்த பொட்டைத் தனக்கோடிக்குத் தாங்களே வைத்துவிட்டார்கள். போட்டோவில் போட்டிருந்த மாலையைக் கழற்றிக் கிணற்றில் போட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயர் மறுபடி அச்சாகியது. வழியில் இருந்த ஊர்க்காரர்கள் புள்ளி கடக்கும் நேரம் தெரிந்துகொண்டு, சாலையோரம் ஒரு செம்பு நீர்மோரும் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெயும் வைத்தார்கள். சாயங்காலம் தனியாக வீடு திரும்புகிற பெண்கள், பின்னால் யாரோ பேச்சுக்கொடுத்துக்கொண்டே வந்ததாகவும் பயமாக இல்லை என்றும் சொன்னார்கள். ஒரு கட்சிக்காரர், நடக்கும் நாயகனே என்று பூமிநாதனுக்கு ஃபிளெக்ஸ் வைத்து, அதில் தன் படத்தைப் பெரிதாகவும் அவர் படத்தை மூலையில் சின்னதாகவும் போட்டிருந்தார். வைரவனின் மருமகள் முழுகாமல் இருந்தாள். செவ்வந்திக்கு, புள்ளி நகரத் தொடங்கிய நாளிலிருந்து, ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

அதனால் தனக்கோடியும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். புள்ளிக்கு முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்வாள், சாணார்பட்டி போய்ட்டாக, திண்டுக்கல் போய்ட்டாக என்று மகளுக்குச் சொல்வாள். பிறகு ஒருநாள் புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள். ஓய்வு தேவை, இரண்டு நாள் என்று இருந்தது. அடுத்த முறை நான்கு நாள் என்று காட்டியது. புள்ளி ஓய்வெடுக்கவில்லை, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சித்திரை வெயிலில் நாள்கணக்கு போய் மாதக்கணக்கு ஆனது. ஒருநாள் எண் இருக்கும் இடத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அவளால் சாப்பிட முடியவில்லை. மற்றவர்கள் புள்ளியைப் பார்த்தார்கள், அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

பஷீரிடம் போய்க் கேட்டாள். அவர் வெகுநேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வித்த பொருள்ல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார். "போன்லருந்து வேணா அழிச்சிரலாம். அப்புறம் புள்ளி தெரியாது."

"என் கண்ணுக்குத் தெரியாது. அவுக நடக்குறது நிக்குமா?"

பஷீர் போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

பூமிநாதன் ஏன் படியேறவில்லை என்பதற்கு ஊரில் பலரும் பல காரணம் சொன்னார்கள். தனக்கோடிக்கு மட்டும் அது குழப்பமாக இல்லை. பதினெட்டு வருடம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் அவள். எண்ணிப் பார்த்திருக்கிறார், ஒரு ஆள் குறைகிறது. யாரோ வழியில் விழுந்து கிடக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு திரும்புகிறார். விழுந்த ஆள் தான்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் சாவுச் செய்தி போனில் சொன்னால் செய்தியாகாது. கேதம் சொல்ல என்று ஒரு ஆள் நேரில் வந்து, வாசலில் நின்று, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், இன்னார் தவறிட்டாக என்று சொல்லிவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் திரும்ப வேண்டும். கேதம் சொல்லவில்லை என்ற கோபத்தில் கூடப்பிறந்தவர் சாவுக்கே போகாதவர்கள் ஊரில் உண்டு. எல்லாருக்கும் பிந்தியாவது கேதம் சொன்னார்கள், சம்பந்தப்பட்ட ஆளுக்குத்தான் சொல்லவில்லை.

வைரவன் வீட்டுக்குப் போனாள். மருமகள் ஆறு மாத வயிற்றோடு உள்ளே படுத்திருந்தாள்.

"அண்ணே, ஆளுக்குக் கேதம் சொல்லணும். நீங்கதான் அன்னைக்கு மறைச்சீக. நீங்களே போயிச் சொல்லிருங்க."

வைரவன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். "தாயி, அந்தப் பேச்சு அவன் காதுல விழுந்துச்சுன்னா அன்னைக்கே செத்தான்னு ஆகிப்போகும். எழுபது பேரு வேண்டுதலும் தீட்டு. உள்ள படுத்திருக்கிறவள நெனச்சுப் பாரு. ஒன் மகள நெனச்சுப் பாரு. அவளுக்கு எத்தன நாளா வரல?"

"தையிலருந்து வரல."

"பின்ன? வர்ற தைக்கும் அவன்தான் கடைசி ஆளு. நடக்கட்டும் தாயி. புண்ணியம்."

"அலுத்துப் போயிட்டாகண்ணே" என்றாள் தனக்கோடி. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

வேறு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு வேண்டுதல் இருந்தது. பெண்டாட்டி போய்ப் புருஷனுக்கு அவன் கேதத்தையே சொல்வது எந்த ஊரிலும் இல்லாத வழக்கம். அவள் ஒரு வாரம் யோசித்தாள். அவளைத் தடுத்தது வழக்கம் இல்லை, பக்கத்தில் தூங்குகிற பெண்ணின் கைகால்கள் அசையாமல் கிடந்த அழகுதான்; பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை இப்படி முழுசாகத் தூங்கி அவள் பார்த்ததில்லை. கடைசியில் மகளிடமே கேட்டாள், கேட்கும்போது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

செவ்வந்தி போனை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தாள். "எனக்காகவா நடக்குறாரு?"

"ஒனக்காகவும்தான்."

"சொல்லிரும்மா. அவரு ஒக்காரட்டும். நானும் வர்றேன்."

"ஒனக்குத் திரும்ப வந்துச்சுன்னா?"

"வந்தா நீ பிடிச்சுக்க" என்றாள் அந்தப் பெண்.

ஆடிக் காற்று சாலைப் புழுதியை எல்லாம் எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் இருவரும் ஊரைவிட்டு நடந்தார்கள். பஸ்ஸில் போயிருக்கலாம், ஆனால் நடக்கிறவருக்குக் கேதம் சொல்ல நடந்துதான் போக வேண்டும் என்று தனக்கோடிக்குத் தோன்றியது. மகளின் மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள், வேளை தவறாமல் கொடுத்தாள். வழியில் அவர்கள் யார் என்று தெரிந்துகொண்டவர்கள் காலைக் கழுவிவிட்டார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். தாயும் மகளும், பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். கேதம் சொல்லப் போகிறவர்கள் என்பதால் யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை, கொண்டுபோன பாட்டிலில் தெருக்குழாயில் பிடித்துக் குடித்தார்கள்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் புளியமரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். வெயில் இறங்குகிற நேரம். நீர்மோர்ச் செம்பு ஒன்று மைல்கல் மேல் இருந்தது. திரையில் புள்ளி சாணார்பட்டிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது, மெதுவாக, நடுவில் நின்று நின்று. தனக்கோடி சாலையோரம் போய் நின்று, வீட்டுக்கு விருந்தாளி வருகிறபோது செய்வதுபோல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சாலையில் யாரும் தெரியவில்லை. புள்ளி அவள் நின்ற இடத்துக்கு வந்தது. வேப்பெண்ணெய் வாசம் அடித்தது. அவள் அத்தனை நாளும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "ஏங்க" என்றாள். பிறகு குரலைத் திடப்படுத்திக்கொண்டு, அந்நிய வீட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி சொன்னாள்.

"கேதம் சொல்ல வந்திருக்கேன். செங்கரைப்பட்டி பூமிநாதன் தவறிட்டாக. தையில, இந்த எடத்துலதான். எடுத்தாச்சு, காரியமும் முடிஞ்சிருச்சு. கூட வந்தவுக எல்லாரும் படியேறி, வீடு வந்து சேந்துட்டாக. ஒரு ஆளு கொறையுதுன்னு தேடுறீகள்ல, அந்த ஆளு நீங்கதான். பின்னால யாரும் இல்ல."

போய்விட்டு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது அவளால் முடிந்த காரியமாக இல்லை, ஆனாலும் நின்றாள். புள்ளி நகரவில்லை. எப்போதும் இப்படி நின்றுவிட்டுத்தான் நடக்கும், அதனால் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டாரா, நம்பினாரா, கேட்டும் கேட்காதவர் மாதிரி மறுபடி பழனிக்குக் கிளம்பிவிடுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. செவ்வந்தி மைல்கல்லைப் பிடிக்கப் போய், செம்பைத் தட்டிவிட்டு, புழுதியில் விழுந்து கிடந்தாள். கைகால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை வந்தது, மாதக்கணக்கில் வராததெல்லாம் சேர்ந்து வந்தது. தனக்கோடி ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் போட்டுத் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். மோர் மண்ணில் ஓடியது. காற்று அடித்தது. கையில் இருந்த போனை அவள் கீழே வைக்கவில்லை.

அழுது உட்கார்ந்த அந்நியரை எல்லாம் எழுப்பிவிட்ட மனுஷன், விழுந்தவர் யாராக இருந்தாலும் விட்டுவிட்டுப் போகத் தெரியாதவர் அவர்; இப்போது பெற்ற மகளே கூப்பிடு தூரத்தில் புழுதியில் துடிக்கிறாள். வந்துவிடுவாரோ என்று தனக்கோடி பயந்தாள், வந்துவிடமாட்டாரா என்று அவள் வயிறு ஏங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. அவள் திரையைப் பார்த்தாள்.

புள்ளி ஒரு அடிகூட நகரவில்லை.

அப்போதுதான் அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. மகள் விழுந்த சத்தத்துக்கும் எழுந்து வராதவர் போய்ச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும். தையில் ஊர் கூடி அழுதபோது வராத அழுகை இப்போது வந்தது. மகளின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, அந்த வெறும் சாலையில் அவள் ஒருத்தியாக ஒப்பாரி வைத்தாள்.

இழுப்பு நின்று, செவ்வந்தி கண் திறக்கும்போது வெளிச்சம் போய்விட்டிருந்தது. அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லாததைப் பார்த்தாள்.

"அப்பா ஒக்காந்துட்டாராம்மா?"

"ஒக்காந்துட்டாக" என்றாள் தனக்கோடி. "எந்திரி. நம்ம நடப்போம்."